செடிகளுக்கு ஒரு கைத்தாங்கல்

மிக்ஸி மூடியைச் சரியாக அழுத்தாமல் ஓடவிட்டது என் தப்புதான், ஐயா. அக்கா வீட்டுச் சமையலறைச் சுவர், ஜன்னல், அக்காவின் முகம், எல்லாம் பச்சை.

"உன் கடையிலேயே அரைச்சுத் தொலைக்கக் கூடாதாடா?" என்றாள். அங்கே ஆட்கள் பார்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

ஜிம்முக்குக் கீழே இருப்பதுதான் என் கடை. கீரை, பீட்ரூட், சில வேர்கள். நிழலில் காயவைத்து அரைத்த சத்துப்பொடி. டப்பாவில் 'முழுக்க முழுக்கத் தாவரம்' என்று போட்டிருப்பேன். இதைக் குடித்தா இந்தத் தொப்பை என்று ஜிம் மாஸ்டர் என்னைக் கேட்பார். நியாயமான கேள்வி.

அக்கா மகள் ஓட்டக்காரி. என் பொடியை நம்பிக் குடித்த ஒரே ஜீவன். மாதக்கணக்கில் குடித்தும் கடைசியாகவே வந்தாள். மாமாவின் பொடி குடிக்கிறவள் என்று ஜிம்மில் சிரித்தார்கள். செடிகள் நிதானமானவை, ஐயா. போட்டித் தேதி அவற்றுக்குத் தெரியாது. அதனால் ஒரு கைத்தாங்கலாக, உடம்பு ஏற்றுகிறவர்கள் ரகசியமாக வாங்கும் வெள்ளை மாத்திரையை அக்கா வீட்டு மிக்ஸியில் கீரைப்பொடியோடு அரைத்து அவள் டப்பாவில் கலந்தேன். அவள் டப்பாவில் மட்டும். வாடிக்கையாளர்கள் விஷயத்தில் நான் நாணயமானவன்.

பிறகு ஓடினாள் பாருங்கள். பதக்கத்தோடு அவள் படத்தைக் கடை வாசலில் மாட்டினேன். பொடி விற்றுத் தீர்ந்தது. நடுவில் அவள் குரல் கட்டியது, தேன் கொடுத்தேன். மேலுதட்டில் ரோமம் அரும்பியது. வயசுக் கோளாறு என்றேன். மாதவிலக்கு நின்றபோது அக்கா பயந்து போனாள். ஓடுகிற பெண்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று நான்தான் தேற்றினேன். அளவைக் குறைக்கவில்லை. பெரிய போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

அங்கே ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகளான நீங்கள் சிறுநீர் சோதித்து அவளுக்குத் தடை போட்டீர்கள். உண்மை தெரிந்தால் தடை குறையலாம் என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்: கலந்தது நான். அவளுக்குத் தெரியாது.

ஏன் கலந்தேன் என்கிறீர்கள். அவளுக்காக என்று சொல்லத்தான் கிளம்பி வந்தேன். அக்காவிடம் அதைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாஸ்டர் பேச்சை மாற்றினார். சற்றுமுன் வெளியே பெஞ்சில் அக்கா மகளையே கேட்டேன்.

"உனக்காகத்தானேம்மா மாமா செஞ்சேன்?"

அந்தக் கட்டைக் குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இல்ல மாமா. நான் தோத்தா உங்க பொடி தோத்துடும்னு செஞ்சீங்க."