மாமிக்கு எந்த கியர்

வேலூரிலிருந்து ஆற்காடு போகும் பேருந்து. எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி தன் தோழியிடம் கேட்டாள்: "எங்க மாமியார் அறுபத்தஞ்சு வயசு மாதிரியே தெரியணும்னா எந்த கியர் போடலாம், சொல்லு."

"இன்னாடி சொல்ற?"

"ஜெர்மனில இருக்காரே எங்க வீட்டுக்காரரோட அண்ணன், அவர்தான் எங்க மாமிக்குன்னு ஸ்மார்ட் சைக்கிள் வாங்கி வெச்சிருக்காரு. வீட்டுக்குள்ளயே நின்ன எடத்துல ஓட்டறது. மாசாமாசம் ஃபிட்னெஸ் டெஸ்ட் எடுக்கணும், ரிசல்ட் அவர் போனுக்குப் போய்டும். மாமி அதுல ஏறவே மாட்டேன்றாங்க. நான்தான் ஓட்றேன்."

"மெதிக்கறவங்க தெம்புக்கு ஏத்தாப்புல மெஷினே கனத்த ஏத்திக்கும்பாங்களே?"

"மத்த நாள்ல ஏத்திக்கும். டெஸ்ட்டுன்னா கியர நாமதான் போடணும். போன மாசம் கம்மியா போட்டேன். அம்மாவுக்குத் தெம்பே இல்ல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு ஒரே பேஜார். அந்தக் கோவத்துல இந்த மாசம் ஜாஸ்தியா போட்டுட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"டிக்கெட் போடறேன்றாரு. அங்க அம்மாவ சைக்கிள்ல மலையேத்தப் போறாராம். அதான், நாளைக்கு நடுவுல ஒரு கியர் போட்டு இன்னொரு டெஸ்ட் எடுத்துடலாம்னு பாக்கறேன்."

அவர்களுக்கு முன்னால் அதுவரை மக்கன் பேடா தின்றுகொண்டிருந்த அம்மாள் மெல்லத் திரும்பி, இனிப்புப் பெட்டியை மருமகளிடம் நீட்டினார்.

"கியர்ல கைய வெக்காத. ரெண்டு டிக்கெட்டா போடச் சொல்லு. மலையிலயும் நீதான ஓட்டணும்."