குறையை முதலில் சொல்லி விலையைப் பின்னர் சொன்னவர்க்கு

கண்ணாடிச் சுவருக்குள் கடலலைபோல் மின்னும் கார்களின் நடுவே, கசங்காத சட்டையும் கனிந்த சொல்லுமாய்க் காலமெல்லாம் நின்றவரே! மலாக்காவின் காஜா பேராங் வீதியில் வெயில் வந்தாலும் வெள்ளம் வந்தாலும், வந்தவர்க்கு நாற்காலி இட்ட பிறகே வாய் திறந்த வள்ளன்மையாளரே! எங்கள் மோட்டார் நிலையத்தின் முகமாய் விளங்கி இன்று விடைபெறும் விற்பனையாளர், பெருந்தகை பொன்னுதுரை அவர்களே! வணங்கி வரவேற்கவும் வழியனுப்பவும் கூடியிருக்கிறோம்.

நேர்நின்று புகழ்ந்தால் தாங்கள் நாணி எழுந்து, அருகில் நிற்கும் ஏதேனுமொரு வண்டியைத் துடைக்கப் போய்விடுவீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆதலின் பண்புகளை அடுக்காமல், தங்களையே படர்க்கையில் நிறுத்தி, ஐந்தாண்டுக்கு முன், மலாயா சுதந்திரம் பெற்ற திங்களில் நிகழ்ந்த ஒரு பேரத்தை மட்டும் இந்த அவையில் விரிக்கிறோம். அந்தப் பேரத்தைப் பேசிய சின்னப்பா, தம் டாக்சியில் ஏறியோர்க்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழுத்த கதை இது. அவர் மனம் போன வழியே நாங்களும் போகிறோம்.

சின்னப்பா அந்நாளில் மாட்டு வண்டிக்காரர். ஆற்றோரக் கிடங்குகளின் அரிசி மூட்டைகளைப் பண்டார் ஹிலிர் கடைகளுக்குக் கொண்டுசேர்த்தவர். லாரிகள் பெருகப் பெருக அவர் வண்டியின் பாரம் குறைந்தது. கார் ஓட்டப் பழகி, டாக்சி ஓட்டும் அனுமதிக்கு எழுதிப்போட்டார், அதுவும் கிடைத்தது. ஆனால் மாத இறுதிக்குள் சொந்தக் காரொன்றை அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் அனுமதி வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆகவே அன்று காலையில் தம் காளை இரண்டையும் புக்கிட் ரம்பாய்க்காரர் ஒருவருக்கு விற்றார். கயிற்றை அவர் கையில் கொடுக்குமுன், "வலத்தது லாரி ஹாரனுக்கு மெரளும், பாத்து நடத்துங்க" என்று சொல்லியே கொடுத்தார். இப்போது மாடும் இல்லை, காரும் இல்லை. இடுப்பு வாரில் அந்தப் பணம் மட்டும் இருந்தது. அது பழுதான வண்டியில் போய் விழுந்தால் குடும்பம் மீள வழியில்லை.

துணைக்கு வந்தவர் மருமகன் தேவதாஸ். அலுவலக எழுத்தர், ஆங்கிலம் அறிந்தவர், பேரத்தில் தமக்கு நிகர் தாமே என்று நம்பியவர். எங்கள் நிலையத்து வாசலில் நின்று மாமனார்க்குப் பாடம் சொன்னார்.

"மாமா, பர்மிட் கதைய மட்டும் எடுக்காதீங்க. நமக்கு அவசரம்னு தெரிஞ்சா சேல்ஸ்மேன் வெலையில ஒரு வெள்ளி எறங்க மாட்டான். நீங்க சும்மா நின்னாப் போதும்."

சின்னப்பா தலையசைத்தார். சும்மா நிற்பதாகவே அவருக்கும் எண்ணம்.

உள்ளே கால் வைத்ததும் புது ரப்பரின் வாசம் மூக்கில் ஏறி, நெஞ்சில் இறங்கி, ஏதோ திருவிழாவின் நடுவே நிற்பதுபோல் அவரை மயக்கிற்று. வெளியே வீதியெங்கும் கொடித்தோரணம்; எங்கிருந்தோ ஒலிபெருக்கிப் பாட்டு. நடுவில் நின்ற கறுப்புக் காரின் கதவில் வானத்து மேகமொன்று விழுந்து, வெள்ளைத் திமிலாக எழுந்து, மெல்ல நகர்ந்தது. சின்னப்பா அதன் பின்னாலேயே நடந்தார். அப்பால், தேவதாஸ் சிங்கப்பூர் விலையைச் சொல்லி மடக்கினார். வேறு கடையில் இருக்கை உறை இலவசம் என்றார். எழுந்து போவதுபோல் இருமுறை எழுந்து இருமுறையும் அமர்ந்தார். பொன்னுதுரை அவர்கள் புன்னகையோடு ஐஸ் காப்பி வருவித்தார். விலை மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் சின்னப்பா அந்தப் பிழையைச் செய்தார். வாழ்நாளெல்லாம் மாட்டோடு பேசிய வாய் அது. காரின் முன்மூடியைத் தடவிக்கொண்டே, கனவில் பேசுபவர்போல், ஆனால் கூடமெங்கும் கேட்கும்படி சொன்னார்:

"மாசக் கடைசிக்குள்ள ஒன்னய ஆபீசுல கொண்டு காட்டணும்டா. இல்லாட்டி பர்மிட் போயிரும், நமக்குச் சோறு கெடையாது. எங்கூட வந்துர்றியா?"

தேவதாஸ் கழற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். "போச்சு. இனிமே என்னாத்தப் பேசுறது, நீங்களும் காருமே பேசி முடிச்சிக்கிங்க."

சின்னப்பாவின் கை முன்மூடிமேல் அப்படியே நின்றது. தம் கழுத்துக் கயிற்றைத் தாமே பிறர் கையில் கொடுத்துவிட்டது அவருக்கு விளங்கிற்று. இனி விற்பவர் சொன்னதே விலை. மீள்வதற்கு அவர் அறிந்த வழி ஒன்றுதான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வலக்கையின்மேல் விரித்து, அந்தக் கையைப் பொன்னுதுரை அவர்களிடம் நீட்டினார்.

கழுத்துப்பட்டை அணிந்த அந்தக் கனவான் மாட்டுச் சந்தை கண்டவரல்லர். என்ன இது என்று கேட்டார். துண்டுக்குள்ளே கைகள் சேரும், ஒரு விரல் ஒரு நூறு, பிடித்த விலை வெளியே போகாது என்று சின்னப்பா முறையை விளக்கினார். பிறகு குரல் தாழ்த்திச் சொன்னார்:

"ஆனா வெல புடிக்கிறதுக்கு முந்தி விக்கிறவரு கொறையச் சொல்லணும், தொர. கொறையில்லாத மாடு கெடையாது. இதுல என்னா கொற?"

தகரக் கூரைமேல் மழை தொடங்கிற்று. கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளி தலை நிமிர்ந்தார். பொன்னுதுரை அவர்களின் கை கழுத்துப்பட்டையை ஒருமுறை சரிசெய்ததையும், அந்த முகத்தில் ஏதோவொன்று வந்து, நின்று, விலகியதையும் சின்னப்பா பார்த்தார். பின் அவர் காரைச் சுற்றி நடந்து, இடப்பக்கப் பின்கதவைத் தொட்டார்.

"இந்தக் கதவு ஒழுகும்ங்க. இந்தக் கப்பல்ல வந்த வண்டி எல்லாத்துலயும் ரப்பர் சரியா ஒக்காரல. மழ பேஞ்சா இந்தப் பக்கம் ஒக்கார்றவங்க நனைவாங்க."

"இஞ்சினு?"

"இஞ்சினுக்கு நான் பொறுப்பு."

தேவதாஸ் துள்ளி எழுந்தார். ஒழுகும் கதவுக்கு இவ்வளவு, மனவுளைச்சலுக்கு இவ்வளவு என்று கழிக்கத் தொடங்கினார். சின்னப்பா அவரைக் கையமர்த்தினார். "கொறையச் சொன்னவர்கிட்ட ரொம்ப இழுக்கப்படாது, மாப்ள. அதுவும் மொறதான்."

துண்டுக்குள் இரு கைகளும் சேர்ந்தன. ஒருவர் விரலை மற்றவர் பற்றினார், விட்டார், மீண்டும் பற்றினார். துண்டு, உறங்கும் கன்றின் வயிறுபோல் ஏறி இறங்கிற்று. மழையும் பாட்டும் எங்கோ தொலைவுக்குப் போயின. பின்பு துண்டு அசைவற்று நின்றது.

பிடித்த விலையை இருவரும் இன்றுவரை சொன்னதில்லை. ரசீது எழுதியவர் இதே மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார், அவரும் சொல்லார். டாங்கி நிறையப் பெட்ரோலும், மனைவி பூங்காவனத்துக்கு ஒரு முழம் பூவும் வாங்கச் சின்னப்பாவிடம் பணம் எஞ்சியது என்பது மட்டும் ஊரறிந்தது. சாவி, காளையின் கயிறுபோல், இரு கைகளால் கொடுக்கப்பட்டு இரு கைகளால் பெறப்பட்டது.

பிறகு முதலாளி கண்ணாடி அறைக்குள் அழைத்துப் பேசியது நெடுநேரம் நீண்டது. வெளியே வந்த பொன்னுதுரை அவர்கள் கைக்குட்டையை எடுத்து அடுத்த வண்டியைத் துடைத்தார். மறுநாள் வந்தவரிடம் அந்த வண்டியின் குறையையும் சொன்னார். நாளடைவில் உஜோங் பாசிரிலிருந்தும் ஆட்கள் வந்து, 'குறை சொல்லும் துரை' எங்கே என்று கேட்டார்கள், முதலாளியும் அடங்கினார், அதுவே இந்த நிலையத்தின் முறையாயிற்று.

பெரியீர்! மீண்டும் தங்கள் முகம் நோக்கிப் பேசுகிறோம். தங்களை ஓய்வின் கையில் ஒப்படைக்கும் இவ்வேளையில், தாங்கள் நிலைநாட்டிய முறைப்படி, கயிறு கைமாறுமுன் குறையைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கெல்லாம் கார் விற்ற தங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டிக் காட்டச் சொல்லி எவர் கேட்டாலும், பட்டறைக் கருணாகரனை அழைத்துவிட்டுப் பின்னிருக்கையில் ஏறிக் கண்மூடிக்கொள்வீர்கள். இதற்குமேல் குறை தேடினோம், முதலாளியும் தேடினார், கிட்டவில்லை.

நோயறியா உடலும் நிறைந்த உறக்கமும் நெடிய ஆயுளும் தங்களை நாடி வருக! தாங்கள் விற்ற வண்டிகள் ஓடும் சாலைகள்தோறும் தங்கள் பெயரும் ஓடுக!

வாசலில் சின்னப்பாவின் கறுப்பு டாக்சி தங்களுக்காகக் காத்திருக்கிறது. மழையும் வரும்போலிருக்கிறது. பட்டறையில் எத்தனை முறை ரப்பர் மாற்றியும் அந்தக் கதவு இன்னும் ஒழுகுகிறது. தாங்கள் வலப்பக்கம் அமருங்கள். இடப்பக்கம் நாங்கள் அமர்ந்து வருகிறோம்.

தங்கள் அன்பில் நனைந்த,
விற்பனைக்கூட, அலுவலக, பட்டறை ஊழியர்கள்
காஜா பேராங், மலாக்கா
1962