கரிக்காய்ப் பாறை

ரொம்ப ரொம்ப முந்தி, எந்தக் காலம்னு மட்டும் கேக்காதீங்க, கல்லாங்காட்டு வலசுல சென்னியப்பர்னு ஒருத்தர் இருந்தாராமா. அவரும் அவர் கூடப்பொறந்தவங்களும் ஒரு கிணத்துத் தண்ணிக்காக அடிச்சுக்கிட்டு, ஒருத்தர் சாவுக்குக்கூட இன்னொருத்தர் போகாம இருந்தவங்களாமா. அது அவர் நெஞ்சுல முள்ளாட்டம் கெடந்துச்சு. "எம்புள்ளைங்க இப்படிப் பிரியக்கூடாது"ன்னு நெனச்சாராமா.

அந்த ஊர்ல திங்கக்கெழமை ஏர் பூட்டமாட்டாங்க. உழவு மாட்டுக்கு அன்னிக்கு ஓய்வு. "மாட்டுக்கு ஓய்வுன்னா மனுசனுக்கும் ஓய்வுதான்"னு சொல்லி, வீட்டுக்கு எதுத்தாப்ல இருந்த பாறையில தாயக்கட்டம் செதுக்க வெச்சாரு. திங்கக்கெழமை ஆச்சுன்னா கட்டிக்கொடுத்த ரெண்டு பொண்ணுகளும் மாப்பிள்ளைங்களோட வண்டி பூட்டிட்டு வந்துருவாங்க. மகன் ராக்கியப்பன், பேரன் பேத்தி அல்லாரும் பாறையைச் சுத்தி உக்காருவாங்க. ஆளாளுக்கு ஒரு காய். கெழவருக்குக் கொட்டப்பாக்கு. கெழவி காளியாத்தாளுக்குப் புளியங்கொட்டை. மகனுக்குச் சிப்பி. பொண்ணுகளுக்கு ஒடஞ்ச வளையல். வெட்டுறதும் வெட்டுப்படறதும், கத்தறதும் சிரிக்கறதும்! "குடும்பம்னா சென்னியப்பர் குடும்பம்"னு பாதையில போறவங்க நின்னு பாத்துட்டுப் போவாங்களாமா.

அந்த வீட்டுக்கு ராக்கியப்பன் பொண்டாட்டியா வந்தவதான் பாவாயி. பொறந்த வீட்ல அப்பனோட தாயம் ஆடி ஆடி வளந்தவ. மொதத் திங்கக்கெழமை கையைத் துடைச்சுக்கிட்டு ஆசையா வந்து ஓரமா உக்காந்தாளாமா.

"ஏம்மிணி, நீ இங்க உக்காந்துட்டா உலையை ஆரு பாக்கறது?"ன்னாளாமா காளியாத்தா. "மாப்பிள்ளைங்க பசி தாங்கமாட்டாங்க. அடுத்த ஆட்டத்துல உக்காந்துக்க."

"சரிங்கத்தே"ன்னு எந்திரிச்சுப் போனா.

சோறு வடிச்சாளாமா, அடுத்த ஆட்டத்துல. பருப்புக் கடைஞ்சாளாமா, அடுத்த ஆட்டத்துல. ஏனம் கழுவுனாளாமா, அடுத்த ஆட்டத்துல. நெறமாசமா இருந்தா, புள்ளையும் பெத்தா, அடுத்த ஆட்டத்துல. தாயக்கட்டை உருள்ற சத்தம் மட்டும் பொகைக்குள்ள வந்துட்டே இருக்கும். விழுந்தது தாயமா, அஞ்சான்னு சத்தத்துலயே சொல்லிருவாளாமா.

அந்தப் புள்ளை மயிலாத்தா. அவளுக்குப் பல்லு விழுந்து மொளைக்கற வயசு. ஒரு நாள் மண்ணுல கட்டம் கீறி வெளையாடிட்டு இருந்தா.

"இது அப்பாரு கொட்டப்பாக்கு, இது ஆத்தா புளியங்கொட்டை, இது அப்பா சிப்பி, இது நானு..."

பாவாயி பக்கத்துல குந்துனா. "எங்காய் எங்க சாமி?"

புள்ளை சிரிச்சுதாமா. "உனக்கெதுக்கம்மா காயி? நீ சோறாக்கறவதான?"

பாவாயி அழுவல. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாளாமா.

அடுத்த திங்கக்கெழமை வண்டிங்க வந்துது. கூட்டம் கூடுச்சு. பாவாயி அடுப்புல இருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாந்து, கெழவரோட கொட்டப்பாக்குக்குப் பக்கத்துல வெச்சு, சம்மணம் போட்டு உக்காந்தாளாமா.

கெழவர் முழிச்சாரு. "உலை வெச்சாச்சா அம்மிணி?"

"இல்லீங் மாமா."

"சோறு?"

"அடுத்த ஆட்டத்துலங் மாமா."

ஒரு மாப்பிள்ளை சிரிச்சான். இன்னொருத்தன் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு, "பட்டினி போடத்தான் வரச்சொன்னீங்களா?"ன்னான். பொண்ணுகளுக்கு மொகம் செத்துப்போச்சு. "எங்க வீட்டுக்காரரை வெச்சுக்கிட்டு அவமானப்படுத்தறியா?"ன்னாளுக. ராக்கியப்பன் கையைப் புடிச்சு இழுத்தான்: "எந்திரிடி!"

"ஒரே ஆட்டமுங்க"ன்னாளாமா. "ஒண்ணு ஆடிட்டுப் போயி ஆக்கிப்போடறேன்."

"எம்மானத்தை வாங்காத அம்மிணி"ன்னு கெழவர் கும்பிட்டாராமா. மருமகளைக் கும்பிடத் தெரிஞ்சுது அவருக்கு. கட்டையை எடுத்து அவ கையில குடுக்கத் தெரியல. எட்டி அவளே எடுத்துக்கிட்டா. உருட்டுனா. தாயம். "தாயம்"னு சொல்ல எதுத்தாப்ல ஆளில்லை. அல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. வண்டி பூட்டியாச்சு.

அவ எந்திரிக்கலையாமா. அத்தனை பேரு காயையும் அவளே நகத்தி, அவங்கவங்களுக்கு விழுந்ததை அவங்கவங்களுக்கே போட்டு, பொழுது சாயற வரைக்கும் ஆடுனாளாமா. கரித்துண்டு ரெண்டு தடவை வெட்டுப்பட்டுச்சாமா. வெட்டுனதும் அவ கைதான். கடைசியில அது கட்டமெல்லாம் சுத்திக் கரையேறிப் பழம் ஆச்சாமா.

வண்டியில போனவங்க அப்பறம் வரவேயில்லை. கெழவர் சாவுக்குக்கூட ஒரு மாப்பிள்ளையும் வரலை. "குடும்பத்தைப் பிரிச்சவ"ன்னு ஊரே பேசுச்சு. ஒரு தடவை தண்ணித்துறையில ஒருத்தி கேட்டாளாமா, "ஒரு ஆட்டத்துக்காக இப்படிப் பண்ணிப்போட்டியே பாவாயி?"

"ஒரு வேளைச் சோறு இல்லீன்னதும் அந்த ஒறவே போயிருச்சே அக்கா, அத்தனை வருசமும் அவங்க என்னத்த வெளையாடுனாங்க?"ன்னாளாமா.

அவ செத்த பொறகு ஊர்ல மழையில்லை. பாவாயி சாபம்னு பயந்துக்கிட்டு ஒரு கட்டுப்பாடு வெச்சாங்க. திங்கக்கெழமை வலசுல எந்த வீட்லயும் அடுப்பு மூட்டக்கூடாது. அந்தப் பாறைக்குக் கரிக்காய்ப் பாறைன்னு பேரு. இன்னிக்கும் ஆட்டம் தொடங்கறதுக்கு முந்தி கட்டத்துல ஒரு கரித்துண்டைத்தான் மொதல்ல வெப்பாங்க.

நீங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. ஞாயித்துக்கெழமை போங்க. வீட்டுக்கு வீடு பொம்பளைங்க ரெண்டு நாளைக்குச் சேத்து ஆக்கிட்டு இருப்பாங்க. திங்கக்கெழமை அடுப்பு எரியாதில்லைங்களா, அதுக்காக. அன்னிக்கு அவங்க பழைய சோத்தைப் போட்டுக் குடுத்து, ஏனம் கழுவிட்டு இருப்பாங்க. பாறையில ஆம்பளைங்க சத்தம் ஊரைத் தூக்கும்.

அந்தக் கரித்துண்டு வெச்ச எடத்துலயே இருக்கும். அதுக்கு ஆரும் கட்டை உருட்டறதில்லை. கேட்டா, அது மரியாதையாமா.