நலங்குக்கு வந்த எல்லம்மாள்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் கன்னியப்பன் அவர்களே, பூந்தமல்லியிலிருந்து வந்திருக்கும் ஷவுகத் அலி பாய் அவர்களே, ஷிப்டு முடிந்து சாப்பிடாமல்கூட வந்து நிற்கும் தொழிற்சாலைத் தோழர்களே, மறைந்த எல்லம்மாளின் மகள் தாயம்மாவே, உங்கள் அனைவருக்கும் மைக் செட் கோவிந்தனின் வணக்கம்.

நோட்டீஸில் ‘துயர்ப்பாட்டின் குரலரசி’ என்று போட்டிருக்கிறோம். பொருத்தமான பட்டம்தான். கொரட்டூரிலிருந்து ஆவடி வரை எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், “எல்லம்மாவுக்குச் சொல்லியாச்சா?” என்றுதானே முதலில் கேட்டோம்?

பதினைந்து வருஷமாக ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறேன். பெரிய பெரிய பாடகர்களின் இசைத்தட்டுகள் என் கையால் ஓடியிருக்கின்றன. எல்லம்மாளுடையது கரகரத்த குரல். ஆனால் மைக் இல்லாமலே தெருக்கோடி வரை போகும். அங்கே சைக்கிளைப் பிடித்தபடி நம் பாய் கேட்டுக்கொண்டு நிற்பார். இல்லையா பாய்?

பாடுவதற்கு முன்னால் எல்லம்மாள் விசாரிப்பார். எழுபத்தொன்றாம் வருஷம் என் தாயார் ராஜம்மாள் காலமானபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்கம்மா உன்னை இன்னான்னு வையும்?”

“அதெல்லாம் இப்போ எதுக்குக்கா?”

“அது தெரியாம யாரை நென்ச்சு பாடறது நைனா? எல்லா ஊட்லயும் ஒரே பாட்ட பாட சொல்றியா?”

சொன்னேன். ‘ஊருக்கே கேக்கறாப்ல பாட்டு போடற, பெத்தவ கூப்ட்டா மட்டும் உனக்கு கேக்கல’ என்று திட்டுவார் என் அம்மா. எல்லம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து எடுத்தார்:

கூப்ட்டப்போ கேக்கலியே காது – இப்போ
கேக்குதய்யா, கூப்பிட ஆளேது?

காலையிலிருந்து பந்தல், மூங்கில் என்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

இத்தோடு முடித்தால் எனக்கு நல்ல பேர். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நான் அவருக்குச் செய்ததை யார் சொல்வது?

என் மூத்த மகள் வரலட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எல்லம்மாள் கடைக்கு வந்தார். “எனக்கு நலங்குப் பாட்டும் தெரியும் நைனா. யாரும் கூப்டறதில்ல. உன் பொண்ணுக்குப் பாடட்டா?” என்று கேட்டார். “பாடுக்கா” என்றேன். கல்யாணத்தன்று புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். சாவு வீட்டில் பாடுகிறவள் மணவறையில் பாடுவதா என்று பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வாசலிலேயே மறித்து, “மைக் ரிப்பேர் அக்கா” என்றேன்.

மைக் செட்காரன் வீட்டுக் கல்யாணத்தில் மைக் ரிப்பேர்! பிறந்ததிலிருந்து மைக்கைக் கையால் தொடாத எல்லம்மாளிடம் அதைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “செரி நைனா. பொண்ணு நல்லா இருக்கட்டும்” என்று சொல்லி, சாப்பிடாமல் போனார். அப்படிப்பட்டவர்தான் என் தாயாருக்கு, கூப்பிட்ட அரை மணியில் வந்து பாடினார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினாரா? இல்லை.

போன வியாழக்கிழமை அவர் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆள் இல்லை. நம் துக்கத்துக்கு அவர் வேண்டும், நம் சந்தோஷத்துக்கு வேண்டாம் என்று இத்தனை வருஷம் நடத்தினோமே, அதை மாற்றாமல் இரங்கல் கூட்டம் போட்டு என்ன பிரயோசனம்?

அதனால் ஒன்று சொல்கிறேன். வருகிற ஆவணியில் என் இளைய மகள் சுசீலாவுக்குக் கல்யாணம். பருத்திப்பட்டுச் சம்பந்தி சின்னசாமி அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார். அவரிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை, சபையில்தான் சொல்கிறேன். எல்லம்மாளின் நலங்குப் பாட்டெல்லாம் தாயம்மாவுக்குப் பாடம். மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாயம்மா பாடுவார். சம்மதம் இல்லையென்றால் சம்பந்தி இப்போதே எழுந்து போகலாம். நான் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லவில்லை. வருத்தப்படுவேன். ஆனால் மாற்ற மாட்டேன்.

உட்கார்ந்திருக்கிறார். நன்றி சம்பந்தி.

தாயம்மா, அம்மாவின் முப்பதாம் நாள் காரியம் கழியட்டும். வெற்றிலை பாக்கோடு முதல் பத்திரிகை உன் வீட்டுக்குத்தான் வருகிறது.