மேல் வீட்டுச் சத்தம்

— அலமாரி சாஞ்சா வேற மாதிரி கேக்கும்மா. இது அது இல்ல.

— என்கிட்ட அலமாரியே கிடையாது சார்.

— அப்ப இரும்புப் பெட்டி.

— அதுவும் கிடையாது. வாசல்ல நின்னுகிட்டு ஒவ்வொண்ணா கேட்டா எப்படி? உள்ள வந்து நீங்களே பாருங்க. இதோ பாய். இதோ தலகாணி. கொடியில நாலு துணி. ஒரு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் வாளி. இதுல எதைக் கீழ போட்டா உங்களுக்கு வீடு இடிஞ்ச மாதிரி கேக்கும், சொல்லுங்க பாப்போம்.

— வாளி...

— பிளாஸ்டிக் வாளி சார்.

— தண்ணியோட விழுந்தா?

— தண்ணியோட விழுந்தா உங்க கூரை ஒழுகியிருக்கணுமே. ஒழுகுச்சா?

— இல்ல. ஆனா நேத்து மதியம் சத்தம் வந்தது. பதிவுல இருக்கு.

— உங்க பதிவால எனக்கு வந்த கடிதத்தக் கேளுங்க. வீட்டுக்காரர் அனுப்பினது. "கீழ்த்தளத்தில் வசிப்பவர் தங்கள் மீது பதினோராவது முறையாக எழுத்துமூலம் புகார் அளித்துள்ளார். இன்னும் ஒரு புகார் வந்தாலும் இம்மாத இறுதிக்குள் தாங்கள் அறையைக் காலி செய்துவிட வேண்டும்." மூணு மாசத்துல பதினொண்ணு!

— பதிமூணு. ரெண்டை இன்னும் அனுப்பல. சட்டைப் பையில இருக்கு.

— நல்லா இருக்கு! அதுல ஒண்ணைக் குடுத்தாலே நான் தெருவுல நிக்கணும். தெரியுமா உங்களுக்கு? ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பிப் போயி விடிஞ்சப்புறம் வர்ற பொம்பளைக்கு யாரு சார் வீடு குடுக்குறா? இதுக்கு முன்னாடி ஆறு வீடு பாத்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல வேலைன்னு சொன்னா, "ராத்திரியில என்னம்மா சலவை"ன்னு மேலயும் கீழயும் பாக்குறாங்க. ராத்திரியிலயும்தான் ஜனங்க சாகுறாங்க, பிள்ளை பெக்குறாங்க. விரிப்பு அழுக்காகாதா?

— உங்க வேலையப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதல.

— எழுதலதான். எனக்கு முன்னாடி இங்க இருந்த டிரைவர் குடும்பத்தப் பத்தி என்ன எழுதினீங்க?

— மதியம் சத்தம்னு.

— அவருக்கு முன்னாடி கண்ணாடிக்கடை அண்ணன்?

— அவரும் மதியம்தான்.

— ஆக, இந்த அறைக்கு யார் வந்தாலும் மதியம் ரெண்டு மணிக்கு எதையோ கீழ போடணும்னு சபதம் எடுத்துக்கிட்டு வர்றோம். அப்படித்தானே?

— கிண்டல் பண்ணாதீங்கம்மா. முப்பத்தோரு வருஷம் நான் ஃபேக்டரியில டைம் கீப்பர். ஆயிரத்து இருநூறு பேரு. யாரு எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்க, எத்தனை மணிக்கு வெளிய போனாங்க, ஒரு நிமிஷம் பிசகினதில்ல. முதலாளி மச்சான் நாலு நிமிஷம் லேட்டா வந்தார், சிவப்பு மையில போட்டேன். பதிவுன்னா பதிவு.

— அந்த நோட்டைக் குடுங்க பாப்போம்.

— கை ஈரமில்லையே?

— இல்ல, குடுங்க. அடேங்கப்பா, கோடெல்லாம் போட்டு... "படுத்தது" ஒரு கட்டம், "சத்தம்" ஒரு கட்டம். ஒன்பதாம் தேதி, படுத்தது ஒண்ணு அம்பத்திரெண்டு, சத்தம் ரெண்டு ஏழு. ஒன்பதாம் தேதியா? சார், கொஞ்சம் இருங்க. இந்தாங்க, இது என் வேலைக் கார்டு. உங்களுக்குப் படிக்கச் சொல்லித்தரணுமா?

— இது பழைய மாடல் மெஷின்ல அடிச்சது. மை தீந்துபோச்சு, மாத்தச் சொல்லுங்க. எட்டாம் தேதி ராத்திரி எட்டு அம்பத்தஞ்சு, உள்ள. ஒன்பதாம் தேதி... சாயங்காலம் நாலு இருபது, வெளிய?

— அன்னைக்கு இஸ்திரி உருளை சிக்கிக்கிச்சு. பகல் ஆளுங்க ரெண்டு பேர் வரல. என்னைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. ரெண்டு ஏழுக்கு நான் நீராவிக்குள்ள நின்னுகிட்டிருந்தேன் சார். இந்த அறை பூட்டிக் கிடந்தது.

— மெஷின் தப்பா...

— என்ன, கார்டு பொய் சொல்லுதுங்கறீங்களா?

— சேச்சே. கார்டு பொய் சொல்லாதும்மா. மனுஷன் சொல்லுவான், கார்டு சொல்லாது.

— அப்ப யாரு பொய்யி? உங்க நோட்டா, என் கார்டா?

— குழப்பமா இருக்கே.

— இன்னொண்ணு பாருங்க. படுத்தது ஒண்ணு நாப்பது, சத்தம் ஒண்ணு அம்பத்தொண்ணு. படுத்தது மூணு பத்து, சத்தம் மூணு இருபது. இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான். நீங்க எப்பப் படுத்தாலும் அடுத்த பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல நான் எதையோ போட்டிருக்கேன். பதினாலாம் தேதி மட்டும் சத்தம்ங்கற கட்டம் காலி. ஏன்?

— அன்னைக்குக் கண்ணு காட்டப் போயிருந்தேன். படுக்கல.

— பாத்தீங்களா! நீங்க படுத்தா சத்தம், படுக்கலைன்னா இல்ல. நீங்க கீழ படுக்குறது மேல இருக்குற எனக்கு எப்படி சார் தெரியும்? உங்க கண்ணுல இது படவே இல்லையா?

— எழுதுறதுதான் என் வேலை. ஏன் எதுக்குன்னு கேக்குறது மேனேஜர் வேலை.

— அட போங்க சார்! சரி, இப்ப மணி என்ன?

— ஒண்ணு நாப்பத்தெட்டு.

— உங்களுக்குப் படுக்குற நேரம். இந்த நாற்காலியில சாஞ்சு கண்ண மூடுங்க. நான் எதிர்ல கை ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாத்துடுவோம்.

— அதெல்லாம் வேண்டாம். ஒரு பொம்பளை அறையில நான்...

— கதவு திறந்தே இருக்கட்டும். படியில நாயி படுத்திருக்கு, அது சாட்சி. நான் இன்னும் ஆறு மணி நேரத்துல வேலைக்குக் கிளம்பணும். என் தூக்கத்தக் கெடுத்து எழுப்பினது நீங்கதானே, உக்காருங்க.

— எனக்கு உக்காந்துகிட்டே தூக்கம் வராதும்மா.

— முப்பத்தோரு வருஷம் ஷிஃப்டு பாத்தவருக்கா?

— டியூட்டியில நான் தூங்கினதே கிடையாது. எப்பவாவது கண்ண மூடியிருக்கேன். அவ்வளவுதான்.

— அதே மாதிரி இப்பவும் கண்ண மூடுங்க.

— சன்னல்ல இது என்ன? கறுப்பா?

— போர்வை. வெளிச்சம் வராம இருக்க ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன். ஊரெல்லாம் முழிச்சிருக்கறப்ப நான் தூங்கணும், நான் முழிச்சிருக்கறப்ப ஊரு தூங்குது. சலவைக்கூடத்துல மெஷின் போடுற இரைச்சல்ல பக்கத்துல நிக்கிறவகிட்டகூட பேச முடியாது. சைகைதான். சொன்னா சிரிப்பீங்க, இந்த வீட்டுக்கு வந்து மூணு மாசத்துல என் கதவைத் தட்டின ஒரே ஆளு நீங்கதான்.

— சண்டை போட வந்தேன்.

— அதுக்காவது வந்தீங்களே. தூங்குங்க.

— ம்.

— சார்?

— நீங்க பேசினா எப்படித் தூங்குறது?

— சரி, பேசல.

— அந்த நாயி கடிக்குமா?

— அது கொட்டாவி விடுறதுக்கே யோசிக்கும். தூங்குங்க.

— ம்...

— ...

— ஆ! ஐயோ! என்னது? என்னம்மா அது? யாருக்காவது அடிபட்டுச்சா?

— சார், சார், மெதுவா. கீழ விழுந்துடாதீங்க.

— கேட்டுச்சா? இப்பவாவது கேட்டுச்சா? இரும்புக் கதவை ஓங்கி அறைஞ்ச மாதிரி, இங்க, காதுக்குப் பின்னால...

— எனக்கு ஒண்ணும் கேக்கல சார்.

— என்ன சொல்றீங்க? இந்தக் கட்டடமே அதிர்ந்துச்சு!

— நான் உங்க எதிர்லயே உக்காந்திருந்தேன். நீங்க லேசா வாயத் திறந்தீங்க, தலை ஒரு பக்கமா சாஞ்சது, உடனே துள்ளி எழுந்துட்டீங்க. வேற ஒண்ணுமே நடக்கல.

— தெருவுல? பக்கத்து வீட்டுல?

— நாயைப் பாருங்க. காதைக்கூட அசைக்கல. அதுக்குக் கேக்காத சத்தமா? தண்ணி குடிங்க. எங்க துணி மடிக்கிற மேசையில ஒரு அக்கா இருந்தாங்க, அவங்களுக்கும் இப்படித்தான். தூக்கம் பிடிக்கிற அந்த நிமிஷத்துல தலைக்குள்ள பீங்கான் தட்டு உடையுற மாதிரி கேக்குமாம். வார்டு டாக்டர்கிட்ட கேட்டாங்க. இது நிறையப் பேருக்கு வர்றதுதான், வலி இல்லைன்னா பயப்பட ஒண்ணுமில்லைன்னாரு. அதுக்கு ஏதோ ஒரு பேருகூட இருக்காம். உங்களுக்கு வலிக்குதா?

— வலி எதுவும் இல்ல.

— அப்பறம் என்ன? மேல் வீடு கீழ் வீடுன்னு எதுவும் இல்ல சார். சத்தம் உங்க தலைக்குள்ளதான்.

— இருக்காது.

— நீங்களே இப்பப் பாத்தீங்க.

— இருக்காதும்மா. அவளுக்கும் கேட்டுச்சே.

— யாருக்கு?

— என் வீட்டுக்காரிக்கு. இருபத்தாறு வருஷமா. நான் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உக்காருவேன். அவ கண்ணக்கூடத் திறக்கமாட்டா. "ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு. மேல யாரோ எதையோ போட்டுட்டாங்க. படுங்க"ம்பா. நான் படுத்துடுவேன். விடியுற வரைக்கும் அசையமாட்டேன்.

— இதே வீட்டுலயா?

— எல்லா வீட்டுலயும். முதல்ல இருந்த வீட்டுல மேல ஒரு பெரிய குடும்பம், ஏழு பசங்க. ஏதாவது விழுந்துகிட்டேதான் இருக்கும். அதுக்கப்புறம் ஒரு வீடு. அதுல நாங்கதான் கடைசி மாடி.

— கடைசி மாடியா? மேல?

— மொட்டை மாடி.

— அங்க யாரு எதைப் போட்டாங்களாம்?

— பூனைன்னா. தண்ணித்தொட்டி மூடியப் பூனை தள்ளிவிட்டுடுச்சுன்னு சொன்னா.

— சார்...

— தினமும் தள்ளுமாம்மா ஒரு பூனை? அந்த மூடி கான்கிரீட்டு. ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்தாத்தான் நகரும். நானே ஒரு தடவ சுத்தம் பண்ண ஆள் பிடிச்சு நகத்தியிருக்கேன். அப்பக்கூட எனக்குத் தோணல பாருங்க. "எனக்கும் கேட்டுச்சு"ன்னு அவ சொன்னா, அதுக்கு மேல நான் எதுக்குக் கேக்கணும்?

— அவங்க எப்ப...

— பதினாலு மாசம் ஆச்சு.

— முதல் புகார் எழுதினது?

— கண்ணாடிக்கடைக்காரர் மேல. பதிமூணு மாசத்துக்கு முன்னாடி.

— அப்ப அவங்க இருந்தவரைக்கும் ஒண்ணுகூட எழுதல.

— அவசியமே வரல. அவ போனப்புறம் ராத்திரியில தூக்கமே கிடையாது, மதியம்தான் படுக்குறேன். மேல ஏறி வந்து கண்ணாடிக்கடைக்காரரக் கேட்டேன், "நான் இல்லைங்க"ன்னாரு. டிரைவரக் கேட்டேன், பெத்த தாய் மேல சத்தியம் பண்ணி இல்லைன்னாரு. உங்களக் கேட்டேன். எல்லாரும் இல்லைன்னே சொன்னீங்க. இல்லைன்னு கேட்டுட்டு இறங்கிப் போனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. அந்தக் கோபத்துல உக்காந்து எழுதிடுவேன்.

— எங்க மேல தப்பு இல்லையே சார்.

— இல்லதான். ஃபேக்டரியில ஒரு தடவ ஒரு பையனப் பிடிச்சேன். வராத கூட்டாளியோட கார்டை இவன் அடிச்சிட்டான். அவன் பொண்டாட்டிக்கு உடம்பு முடியல சார், இன்னைக்கு ஒரு நாள்னு கெஞ்சினான். நான் விடல. வராதவனுக்கு வந்தான்னு கார்டு அடிக்கிறதவிடப் பெரிய குத்தம் எங்க வேலையில கிடையாது. ரெண்டு பேரையும் அனுப்பிட்டாங்க.

— அதை ஏன் இப்பச் சொல்றீங்க?

— அன்னைக்கு ராத்திரி இதை அவகிட்டப் பெருமையா சொன்னேன். அவ வெளக்க அணைச்சா. கொஞ்ச நேரத்துல எனக்குப் படார்னு வெடிச்சது. "எனக்கும் கேட்டுச்சு, படுங்க"ன்னா. கேக்காத சத்தத்துக்கு எனக்காக இருபத்தாறு வருஷம் கார்டு அடிச்சிருக்கா. டைம் கீப்பர் வீட்டுக்குள்ளயே!

— கோபமா இருக்கா?

— தெரியலம்மா. கோபப்படுறதுக்கு ஆளு வேணுமே.

— இன்னும் கொஞ்சம் தண்ணி?

— வேண்டாம். அந்தக் காகிதத்தக் குடுங்க, எழுதித் தர்றேன். "மேல்தளத்தில் வசிப்பவர் மீது இதுவரை நான் அளித்த புகார்கள் அனைத்தும் தவறானவை. அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். அவரால் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை." போதுமா?

— போதும் சார்.

— தேதி. நேரம், ரெண்டு நாப்பத்தொண்ணு. கையெழுத்து. இந்தாங்க, பையில இருந்த ரெண்டும். கிழிச்சிடுங்க.

— எதுக்கு நேரமெல்லாம்?

— பழக்கம்.

— ரொம்ப நன்றி சார். நிஜமாவே. இனிமே பயப்படாம தூங்குங்க. சத்தம் வந்தா ஒண்ணுமில்லைன்னு நீங்களே சொல்லிக்கிட்டு திரும்பிப் படுங்க.

— நானே சொன்னா எனக்குத் தூக்கம் வராதும்மா.

— பழகிடும்.

— நீங்களும் கொஞ்சம் தூங்குங்க, வேலைக்குப் போகணும். நாயைத் தாண்டிப் போகணுமா, அதுவா நகருமா?

— தாண்டிப் போங்க. கைப்பிடியப் பிடிச்சுக்குங்க, மூணாவது படி உடைஞ்சிருக்கு.

— ஏம்மா...

— சொல்லுங்க.

— நாளைக்கும் வெடிக்கும். எனக்குத் தெரியும். நான் மேல ஏறி வருவேன். ஒரே ஒரு தடவதான் தட்டுவேன், நீங்க எழுந்துகூட வரவேண்டாம், படுத்த இடத்துலருந்தே போதும். "நீங்களா போட்டீங்க"ன்னு வெளிய நின்னு கேப்பேன்... ஆமான்னு சொல்லுவீங்களா?