துவக்கு மருந்து நிறுத்தவன்

எனக்குக் கறிக்கு உப்புப் போடத் தெரியாது, பொலிஸ் மரெஷால்லோ ஐயா. இத்தாலிக்கு வந்து இருபது வருடமாகப் பலெர்மோவில் வீட்டு வேலை பார்க்கிறவன் இப்படி எழுதுவது வெட்கக்கேடுதான். ஆனால் உள்ளதைத் தமிழிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். என் மனைவி றோசமலர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "உப்பு அள்ளத் தெரியாத மனிசன், அங்கை துவக்கு மருந்து நிறுக்கிறாராம்."

ஓம், நிறுத்தேன். என் முதலாளி ஒரு வக்கீல், அவ்வொகாத்தோ என்றுதான் கூப்பிடுவோம்; நெடுந்தூரக் குறி சுடுவதில் பைத்தியம் பிடித்த கிழவர். கடைத் தோட்டாவை நம்பமாட்டார். சியாகுல்லி ஊரிலுள்ள தோட்டவீட்டில், மந்தாரின் தோடம்பழப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டுத் தானே தோட்டா செய்வார். கை நடுங்கத் தொடங்கியதும், துவக்கைத் தாங்கியில் வைத்துச் சுடுவதை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டு, தராசை என்னிடம் தந்தார். மருந்து கடுகளவு கூடினாலும் அறுநூறு மீற்றருக்கு அப்பால் குறி பிசகும். ஐந்து தோட்டா ஒரு வரிசை. குறிப்பலகையில் ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருங்கி விழுகிறதோ, நிறுத்தவனுக்கு அவ்வளவு நல்ல கை. என் வரிசையை ஒரு தேத்தண்ணிச் சோசரால் மூடலாம்.

சுடுதளத்தில் மற்றவர்கள் மெச்சினால், எல்லாம் தன் கைவேலை என்பார் அவ்வொகாத்தோ. கோப்பி ஊற்றிக்கொண்டிருக்கும் நான் பரிசு வாங்கியவன் போல நெஞ்சை நிமிர்த்துவேன். அப்படியொரு முட்டாள்.

றோசமலரின் தம்பி கொட்வினை மன்னாரிலிருந்து கூப்பிட்டதும் நான்தான், மேசையில் பழக்கியதும் நான்தான். மூன்றே மாதம். அவனுடைய வரிசையை ஒரு மந்தாரின் பழத்தால் மூடலாம் என்று ஆகிவிட்டது. அவ்வொகாத்தோ இரண்டு தரம் அளந்து பார்த்தார். "அடுத்த வாரத்திலிருந்து கொட்வின் மேசைக்கு, நீ குசினியில் சமையலுக்கு" என்றார்.

எனக்குப் பொறாமை இல்லை. அன்றும் வயிறாரச் சாப்பிட்டேன். ஞாயிறு காலையில் எல்லோரும் பூசைக்குப் போக, நான் தலையிடி என்று நின்றுவிட்டேன். கொட்வின் அடுக்கி வைத்திருந்த வரிசையில் ஒன்றை எடுத்துவிட்டு, நான் செய்த ஒன்றை வைத்தேன். அதற்குள் என்ன போட்டேன் என்று எழுதமாட்டேன். இது நாலு பேர் படிக்கிற கடதாசி. குறி கொஞ்சம் பிசகினால் கிழவர் மனம் மாறுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் துவக்கு வெடித்தது. கொட்வினுக்கு வலது கண் போய்விட்டது. மூன்று விரலும் போயின.

ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், நான்தான் பிழையா நிறுத்துப்போட்டன் போலை. உங்கட பேரைக் கெடுத்துப்போட்டன்."

"அதை யோசியாதை. நான் மன்னிச்சிட்டன்" என்றேன். றோசமலர் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. நான் கொஞ்சம் இளகிய மனசுக்காரன்.

இத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் அறிக்கையை வாசித்துக் காட்டினார்கள். 'சரியாகப் பழக்கப்படாத வேலையாளின் கவனக்குறைவு' என்று இருக்கிறது. திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். அதே சொல்தான். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் முதல் நாலையும் அவ்வொகாத்தோ சுடுவார். கடைசித் தோட்டாவை, நிறுத்தவனே சுடவேண்டும். தன் வேலையில் அவனுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று பார்க்கவாம். இத்தனை வருடமும் அதை நான்தான் சுட்டேன்.

என் தோட்டாவை ஐந்தாவது இடத்தில் வைத்தேன். அதை யார் சுடுவது என்று தெரிந்துதான் வைத்தேன். முதல் நாலும் கொட்வின் நிறுத்தவை. குறிப்பலகையை எடுத்து அளந்து பாருங்கள், ஐயா. நான் பழக்கியதில் ஒரு குறையும் இல்லை.