அந்தோனியாருக்கு நேர்ந்த கியூ

சுவேதினி: அந்தோனியாருக்கு.

றெனால்ட்: ஆருக்கு?

சுவேதினி: அந்தோனியாருக்கு நேர்ந்திட்டன் எண்டு சொல்லுறன். எத்தினை தரம் கேப்பியள்?

றெனால்ட்: அலுமாரியைத் திறந்தா வெறும் பை தொங்குது. கேக்காம என்ன செய்யிறது? என்ர கியூவையோ நேர்ந்தனீ?

சுவேதினி: ஓம். அந்தத் தடியைத்தான்.

றெனால்ட்: தடி எண்டு சொல்லாத, சுவேதினி. கலியாணம் கட்டின நாளில இருந்து… சரி, அதை விடு. சனம் ஆடு நேரும், சேவல் நேரும், முதல் பிடிச்ச மீனை நேரும். பிலியட் மேசையில பந்தடிக்கிற கியூவை ஆராவது நேர்ந்து நீ கேள்விப்பட்டிருக்கிறியா?

சுவேதினி: புருசன் ரெண்டு ராத்திரி கடல்ல காணாமக் கிடந்தா பெண்சாதி எதை நேருவாள்? கோழியையோ? வீட்டில உங்களுக்கு எது பெரிசோ, அதை நேர்ந்தனான்.

றெனால்ட்: எனக்கு நீதானே பெரிசு.

சுவேதினி: என்னைக் கோயில் ஏலத்தில விட ஏலாதே.

றெனால்ட்: பகிடியை விடு. சனிக்கிழமை ரவுணில ஃபைனல். நான் என்னத்தைக் கொண்டு போய் அடிக்கிறது, தும்புத்தடியையோ?

சுவேதினி: கிளப்பில நாலைஞ்சு சுவரில சாத்திக் கிடக்குதாமே.

றெனால்ட்: அதுகளோ? மேசையில உருட்டிவிட்டா ஒவ்வொண்டும் நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும். நுனித்தோல் தேஞ்சு, பிடி பிசுபிசுத்து… அதுகள் தடி.

சுவேதினி: இப்ப நீங்கள் தடி எண்டுறியள்.

றெனால்ட்: அது தடிதான். என்ரதுதான் கியூ. மொறட்டுவையில அந்தத் தச்சுவேலை மனிசன் என்ர கையைப் பிடிச்சு அளவெடுத்துச் செய்தது. நான் குனியிற குனிவுக்கு நீளம், என்ர மணிக்கட்டுக்குப் பாரம். நடுவால கழட்டிப் பூட்டினா எங்க பொருத்து எண்டே தெரியாது. பிடிப்பக்கம் முழுக்கக் கருங்காலி. அதில பதிச்ச பூ… அந்தச் சிப்பி ஓட்டை ஆர் முக்குளிச்சு எடுத்தது? நான். எங்கட இந்த அரிப்பு ஊர்க் கடல்ல.

சுவேதினி: தெரியும். அவர் செய்து முடிக்கும் மட்டும் விடிஞ்சாப் பொழுதுபட்டா அவருக்குப் போன். மூத்தவளைப் பெற நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க எனக்கு அவ்வளவு போன் வரேல்ல.

றெனால்ட்: உதை ஏன் இப்ப இழுக்கிறாய்?

சுவேதினி: இழுக்கேல்ல. சும்மா சொன்னனான்.

றெனால்ட்: இஞ்ச பார். மாத்துவம். கறுத்தக் கிடாய் நிக்குதெல்லே, அதைக் குடுப்பம். நல்ல விலைக்குப் போகும், கோயிலுக்கும் நல்லது.

சுவேதினி: நேர்ந்ததை மாத்துறதோ? கடலுக்குப் போற மனிசன் கதைக்கிற கதையோ இது?

றெனால்ட்: …அது சரிதான். எண்டாலும், உன்ர பொருளை நீ நேரலாம். மற்றவன்ர பொருளை நேரலாமோ?

சுவேதினி: நீங்கள் எனக்கு மற்றவனோ?

றெனால்ட்: கடவுளே… நான் ஒண்டைக் கேட்டா இவள் ஒம்பதைத் திருப்பிக் கேக்கிறாள். சாமான் துலைஞ்சா சனம் அந்தோனியாரிட்டத்தான் ஓடும். அவரே எடுத்து வச்சிருந்தா நான் ஆரிட்டப் போறது?

சுவேதினி: செபஸ்தியாரைக் கேட்டுப் பாருங்கோ.

றெனால்ட்: சரி. பெருநாளில ஏலம் விடேக்க நானே கேட்டு எடுப்பன்.

சுவேதினி: நேர்ந்த வீட்டுக்காரர் திருப்பிக் கேக்கப்படாது.

றெனால்ட்: எந்தக் கோயில்ச் சட்டம் உது? போன பெருநாளில பக்கத்து வீட்டு அன்ரோனெற் தன்ர சேவலைத் தானே கேட்டு எடுத்துக்கொண்டு போனவள். எல்லாரும் பாத்தது.

சுவேதினி: அது சேவல்.

றெனால்ட்: சேவலெண்டா என்ன, கியூவெண்டா என்ன? எனக்கு விசர் வரப் பண்ணாத, சுவேதினி… சரி. சரி. கோவிக்காத. நான் கரைக்கு வந்த அண்டு கஞ்சி காய்ச்சித் தந்தியே, ரெண்டு கோப்பை வாங்கிக் குடிச்சனான். கடல்ல என்னைக் கண்டு ஏத்தினது ஹமீட் நானாவின்ர வள்ளம்தான். ஆனா உயிர் திரும்பி உள்ள வந்தது உன்ர கஞ்சியாலதான். அண்டைக்கு நிண்ட அந்த மனிசி எங்க போனவள்?

சுவேதினி: இஞ்சதான் நிக்கிறாள்.

றெனால்ட்: பிறகேன் முகத்தை அங்கால திருப்புறாய்?

சுவேதினி: அடுப்புப் புகை… இஞ்சாருங்கோ, கடல்ல உங்கட வள்ளத்து எஞ்சின் ஏன் நிண்டது?

றெனால்ட்: எஞ்சினெண்டா நிக்கும்தானே.

சுவேதினி: கடலுக்குப் போறதுக்கு முதல்கிழமைதானே முருங்கனுக்குக் கொண்டு போய்த் திருத்தினனீங்கள்.

றெனால்ட்: ஓம். யோகராசா அண்ணை முழுக்கக் கழட்டிப் பூட்டித்தான் தந்தவர். அவரும் பாவம், என்ன செய்யிறது. உப்புத் தண்ணி.

சுவேதினி: அவர் கழட்டிப் பூட்டித் தந்தவரோ?

றெனால்ட்: அண்டைக்கே உனக்குச் சொன்னனான் எல்லே.

சுவேதினி: ஓம். சொன்னனீங்கள்.

றெனால்ட்: எஞ்சினை விடு. இப்ப நான் ஒண்டு சொல்லுறன், கேள். நீ கியூவை நேர்ந்த கதையை அம்மா நேற்றே எனக்குச் சொன்னவ. காலமை கோயிலடியில மூப்பர் அமிர்தநாயகத்தைக் கண்டனான். ஏலத்துக்கு வாற சாமான் எல்லாம் அவரிட்டத்தானே. வீட்டுக்காரி கியூவைக் கொண்டுவந்து தந்திருப்பாள், ஒருக்காத் தொட்டாவது பாப்பம் எண்டு கேட்டனான். "எந்தக் கியூ, தம்பி?" எண்டார்.

சுவேதினி: அவருக்கு மறதி.

றெனால்ட்: நேர்த்தி பொய் எண்டு முதலே தெரிஞ்சு வச்சுக்கொண்டுதான் இவ்வளவு நேரமும் கேட்டனான். எங்க மட்டும் போறாய் எண்டு பாத்தனான். வித்திட்டியா?

சுவேதினி: இல்லை.

றெனால்ட்: உன்ர தம்பியாருக்குக் குடுத்திட்டியா?

சுவேதினி: அவன் கட்டாரில இருக்கிறான்.

றெனால்ட்: அப்ப என்னத்துக்கு இந்தப் பொய்? அதுவும் அந்தோனியார்ர பேரில?

சுவேதினி: ரெண்டாம் நாள் பின்னேரம் வளவு முழுக்கச் சனம். மாமி மாதா படத்துக்கு முன்னால விழுந்து கிடக்கிறா. நேவிக்காரர் வந்து எஞ்சின் எப்பிடி எண்டு கேட்டவங்கள். நல்லது, இப்பதான் திருத்தினது எண்டு நான் சொன்னனான். பிறகு ஒரு யோசனை. என்ன திருத்தினது எண்டு சரியாச் சொன்னா தேடுறவங்களுக்கு உதவும்தானே. யோகராசா அண்ணைக்குப் போன் எடுத்தனான்.

றெனால்ட்: அவருக்கோ?

சுவேதினி: "எந்த எஞ்சின், பிள்ளை?" எண்டார்.

றெனால்ட்: சுவேதினி…

சுவேதினி: முருங்கனுக்கு எண்டு எஞ்சினை ஓட்டோவில ஏத்தின மனிசன், கியூப் பையை ஏன் தோளில கொழுவினவர் எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கினது. எஞ்சின் ஓட்டோவுக்குள்ள கிடந்திருக்கு. நீங்கள் ரவுணில நிண்டு விளையாடியிருக்கிறியள்.

றெனால்ட்: அண்டைக்குச் செமி ஃபைனல்… அடுத்த கிழமை கொண்டு போவம் எண்டுதான்… எஞ்சின் சத்தம் அவ்வளவு மோசமில்லை…

சுவேதினி: வென்றனீங்களோ?

றெனால்ட்: …ஓம்.

சுவேதினி: நல்லது.

றெனால்ட்: கியூவை என்ன செய்தனீ?

சுவேதினி: அலுமாரியால எடுத்தன். குசினிப் படியில வச்சு மிதிச்சன். மெல்லிய பக்கம் ஒரே மிதியில போயிற்றுது. கருங்காலி அசையேல்ல. கோடாலி எடுத்தனான்.

றெனால்ட்: நான் வந்த உடன சொல்லியிருக்கலாமே. பேசியிருக்கலாம். கோடாலியாலயே என்னையும் ரெண்டு போட்டிருக்கலாம். என்னத்துக்கு நேர்த்தி எண்டு கதை கட்டினனீ?

சுவேதினி: முறிச்சிட்டன் எண்டு சொன்னா ஏன் எண்டு கேப்பியள். ஏன் எண்டு கேட்டா நான் எஞ்சினைக் கேக்கோணும். கேட்டா, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டே யோகராசா அண்ணை திருத்தித் தந்தவர் எண்டு சொல்லுவியள். செத்துப் போனார் எண்டு நினைச்ச மனிசன் உயிரோட வந்து நிண்டு பொய் சொல்லுறதைக் கேக்க எனக்கு ஏலாது. அதுக்குத்தான் அந்தோனியாரைக் கூப்பிட்டனான். இப்ப கேட்டிட்டன்தானே.

றெனால்ட்: துண்டுகளைத் தா. மொறட்டுவைக்குக் கொண்டு போனா அந்த மனிசன் ஏதும்…

சுவேதினி: இந்தாங்கோ.

றெனால்ட்: இது சிப்பிப் பூ… ஏன் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு? கையெல்லாம் சாம்பல். சுவேதினி, மிச்சம் எங்க?

சுவேதினி: அண்டைக்கு விடிய நீங்கள் படலையில வந்து நிக்கேக்க எனக்குக் கையும் ஓடேல்ல, காலும் ஓடேல்ல. காஸ் முடிஞ்சு போச்சு. விறகெல்லாம் மழையில நனைஞ்சு கிடந்தது. வீட்டுக்குள்ள காஞ்ச மரம் எண்டு இருந்தது அது ஒண்டுதான். ரெண்டு கோப்பை வாங்கிக் குடிச்சனீங்கள் எல்லே… அந்தக் கஞ்சி அதிலதான் வெந்தது.